கொசுக் கணக்கிலிருந்து புரதக் கணக்குக்கு

உயிரணுவுக்குள் ஒரு புரதம் எப்போது கூடும், எப்போது அழியும், எவ்வளவு வேகமாக இடம் மாறும் என்பதைக் கணிதத்தால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் கேம்பிரிட்ஜிலோ பாரிஸிலோ தொடங்குவது வழக்கம். நான் மலேசியாவின் போர்ட் கிள்ளானில் தொடங்குகிறேன். உயிரணுக் கணிதம் இன்று கையாளும் அடிப்படைச் சிந்தனை ஒன்று, இந்தச் சேற்று நிலத்தில் மனித உயிர்களை வைத்துச் சோதிக்கப்பட்டது.

1901 செப்டம்பரில் இங்கே போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. கண்டல் காட்டை வெட்டி, ரயில் பாதை போட்டு, கப்பல் துறை கட்டினார்கள். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. துறைமுகத் தொழிலாளர்கள், ரயில்வே ஊழியர்கள், கப்பல்களில் வந்தவர்கள் என எல்லாரும் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில்தான் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், மூட வேண்டாம், சதுப்பை வடித்துவிடலாம் என்றார். அணை கட்டிக் கடல்நீரைத் தடுத்தார்கள், கால்வாய் வெட்டினார்கள், குடியிருப்பைச் சுற்றியிருந்த புதரை அழித்தார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் 582 பேர் இறந்திருந்தார்கள். 1902இல் அது 144 ஆனது, 1903இல் 115. இறந்தவர்களில் எத்தனை பேர் தமிழகத்திலிருந்து சஞ்சிக்கூலியாக வந்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது இந்த எண்களை வெறும் எண்களாகப் படிக்க முடிவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, வாட்சன் எல்லாக் கொசுக்களையும் கொல்லவில்லை என்பதுதான். கொன்றிருக்கவும் முடியாது. கடைசிக் கொசு சாகும்வரை மலேரியா போகாது என்றால் வடிகால் வெட்டுவதெல்லாம் வீண்வேலை என்று அக்காலத்தில் வாதிட்டவர்கள் பலர். மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலுக்குள் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், இந்த வாதத்துக்குக் கணிதத்தால் பதில் சொன்னார். மொரிஷியஸ் தீவைப் பற்றிய 1908ஆம் ஆண்டு அறிக்கையில் தொடங்கி, 1911இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அதை முழுமையாக்கினார். புதிதாக நோய் தொற்றும் வேகத்தையும், நோயாளிகள் குணமாகும் வேகத்தையும் தனித்தனியே எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். ஆள் ஒருவருக்கு இத்தனை கொசு என்ற ஒரு வரம்புக்குக் கீழே போய்விட்டால், கொசு இருக்கும்போதே நோய் தானாக அணைந்துவிடும் என்று அந்தக் கணக்கு காட்டியது. அதே நூலின் முதல் பதிப்பில் மலாய் நாடுகளைப் பற்றிய பகுதியை எழுதியவர்களில் வாட்சனும் ஒருவர்.

ஆல்ஃபிரட் லோட்கா என்பவர் ராஸின் சமன்பாடுகளை எடுத்து 1912இலும் 1923இலும் விரிவாக ஆராய்ந்தார். இவர் வேதியியல் படித்தவர். 1910இலேயே ஒரு வேதிவினை அலையலையாக ஏறி இறங்க முடியுமா என்று கட்டுரை எழுதியிருந்தார். இரண்டு பொருள்கள் வினைபுரியும் வேகம் அவற்றின் அளவுகளின் பெருக்கத்தைச் சார்ந்தது என்று 1864இல் நார்வேயின் குல்ட்பெர்க்கும் வாகேயும் சொன்ன விதியே ராஸின் கணக்குக்கும் அடியில் இருந்தது. கொசுவும் மனிதனும் சந்திப்பதை எழுதிய அதே முறையில் நொதியும் அதன் இரைப்பொருளும் சந்திப்பதை எழுதலாம். 1913இல் மிகேலிஸும் மாட் மென்டனும் எழுதியது அதைத்தான்.

ஆக, புரதக் கணக்கின் முதல் வரி மிக எளியது. ஒரு புரதத்தின் அளவு மாறும் வேகம் என்பது அது உண்டாகும் வேகத்திலிருந்து அழியும் வேகத்தைக் கழித்தது. இந்த ஒரு வரியிலேயே எதிர்பாராத செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு புரதத்தின் உற்பத்தியை உயிரணு திடீரெனப் பத்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய நிலையின் பாதித் தூரத்தை எட்ட எவ்வளவு நேரமாகும்? உற்பத்தி எத்தனை மடங்கு கூடியது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்தப் புரதத்தின் அரைவாழ்வுக் காலம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஆகும். விரைவாக மாற வேண்டிய புரதத்தை அணு விரைவாக அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஎன்ஏ சேதமடைந்தால் எச்சரிக்கும் பி53 என்ற புரதத்தைப் பாருங்கள். சாதாரண வேளைகளில் அது உண்டான சில நிமிடங்களிலேயே சிதைக்கப்படுகிறது. கட்டுவதும் உடைப்பதுமாக ஆற்றலை வீணடிப்பதுபோல் முதலில் தோன்றும். சமன்பாட்டைப் பார்த்த பிறகு, ஆபத்து வந்த உடனே எழும்ப அதற்கு வேறு வழியில்லை என்று புரிகிறது.

பி53 தன்னை அழிக்கும் எம்டிஎம்2 என்ற புரதத்தைத் தானே உண்டாக்கச் செய்கிறது. ஆனால் உடனே அல்ல. படியெடுத்து, மொழிபெயர்த்து முடிய நேரம் ஆகிறது. எதிர்வினை தாமதமாக வந்தால் அளவு ஏறி இறங்கி அலையும் என்பது கணிதர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கதிர்வீச்சுக்கு உட்பட்ட மனித அணுக்களைத் தனித்தனியாக ஒளிரவைத்துப் பார்த்தபோது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பி53 ஏறி இறங்குவதை 2004இலும் 2006இலும் வந்த ஆய்வுகள் காட்டின. அதற்குமுன் லட்சக்கணக்கான அணுக்களை அரைத்துச் சராசரி எடுத்ததில் அந்த அலைகள் கலங்கிப்போயிருந்தன. இன்னும் வியப்பானது நீலப்பச்சைப் பாசியின் கடிகாரம். கை-ஏ, கை-பி, கை-சி என்ற மூன்று புரதங்களையும் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியையும் சோதனைக் குழாயில் போட்டால், உயிரணு எதுவும் இல்லாமலேயே 24 மணி நேரச் சுழற்சி ஓடுகிறது என்று 2005இல் ஜப்பானின் கொண்டோ குழு காட்டியது.

இந்தத் துறையில் ஒரே ஒரு சாதனையைச் சொல்லச் சொன்னால் நான் தவளை முட்டையைச் சொல்வேன். அணுப் பிரிவை ஓட்டும் சைக்ளின் என்ற புரதத்தை 1982இல் கடல் முள்ளெலி முட்டைகளில் டிம் ஹன்ட் கண்டார். அது மெல்லச் சேர்கிறது. சேர்ந்ததும் அணு பிரிகிறது. பிரிந்ததும் சைக்ளின் அழிகிறது. ஜான் டைசனும் பேலா நோவாக்கும் 1993இல் தவளை முட்டைக்கு இதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். சைக்ளினும் அதனோடு சேரும் நொதியும் கொண்ட கூட்டணி, தன்னைத் தூண்டும் நொதியைத் தானே முடுக்குகிறது. தன்னை அடக்கும் நொதியைத் தானே அடக்குகிறது. இப்படி இரண்டு பக்கமும் தனக்குத் தானே உதவிக்கொள்ளும் அமைப்புக்கு, பிரிவுக்குள் நுழைய ஒரு வரம்பும் அதிலிருந்து வெளியேற இன்னொரு வரம்பும் இருந்தாக வேண்டும் என்று கணக்கு சொன்னது. அதுவரை யாரும் அப்படி அளந்து பார்த்ததில்லை. பத்து ஆண்டு கழித்து, 2003இல், இரண்டு குழுக்கள் தவளை முட்டைச் சாற்றில் சிதையாத சைக்ளினைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்தன. ஒரு குழுவின் அளவீட்டில், பிரிவுக்குள் நுழைய 32 முதல் 40 நானோமோலார்வரை தேவைப்பட்டது. நுழைந்துவிட்ட பிறகு அங்கேயே நிற்க 16 முதல் 24 நானோமோலார் போதுமாயிருந்தது. நடுவில் உள்ள அளவுகளில், சாறு எந்த நிலையில் இருந்தது என்ற முன்கதைதான் அது இப்போது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானித்தது. வரம்பை ஒட்டிய அளவுகளில் முடிவெடுக்க வழக்கத்தைவிட நெடுநேரம் பிடிக்கும் என்ற கணிப்பும் அப்படியே பலித்தது.

சமன்பாடு எழுதுவது கடினமல்ல. பொய்யாகிவிடக்கூடிய ஒன்றைத் துணிந்து சொல்லி, பிறர் அளந்து பார்க்கும்வரை காத்திருப்பதுதான் கடினம். நூறு மாறிலிகளை வைத்து, ஏற்கெனவே உள்ள தரவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் வளைகோட்டை வரைந்துவிட்டுப் பொருந்துகிறது என்று மகிழ்வதை நான் பெரிதாக மதிப்பதில்லை. அத்தகைய பெரிய மாதிரிகளில் பெரும்பாலான மாறிலிகளைப் பல மடங்கு மாற்றினாலும் விடை அசையாமல் நிற்பதை 2007இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் பொருத்தம் எதையும் மெய்ப்பிக்கவில்லை. எந்த மாறிலியை அசைத்தால் எல்லாம் இடியும் என்று காட்டும் சிறிய மாதிரியே எனக்குப் பெரிது.

இந்திய ஆய்வாளர்களின் வேலைகளில் இந்தப் பண்பு தெரிகிறது. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லா, நியூயார்க்கின் ரவி ஐயங்காருடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரை, தனித்தனியே அளக்கப்பட்டிருந்த சமிக்ஞைப் பாதைகளைக் கணினியில் இணைத்தது. தனியே எந்தப் பாதையிலும் இல்லாத ஒரு குணம் இணைப்பில் தோன்றியது. சிறிது நேரமே வந்துபோன தூண்டுதலை அந்த வலைப்பின்னல் நெடுநேரம் நினைவில் வைத்திருந்தது. அதற்கும் ஒரு வரம்பு இருந்தது. அதே மையத்தில் இப்போது இருக்கும் முகுந்த் தட்டை, 2001இல் வான் ஔதனார்டனுடன் எழுதிய கட்டுரை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரே மரபணு, ஒரே சூழல், ஆனாலும் பக்கத்துப் பக்கத்து அணுக்களில் புரத எண்ணிக்கை வேறுபடுவது ஏன்? பாக்டீரியாவில் சில ஒழுங்குப் புரதங்கள் அணுவுக்குப் பத்துப் பிரதிகளே இருக்கும். பத்துக்கு நடுவில் ஒன்று கூடுவதும் குறைவதும் பெரிய செய்தி. அங்கே சராசரி பேசிப் பயனில்லை, நிகழ்தகவுதான் பேச வேண்டும். ஒவ்வொரு ஆர்என்ஏ படியிலிருந்தும் புரதங்கள் கொத்தாக வருவதால், அந்தக் கொத்தின் அளவே ஏற்றத்தாழ்வை நிர்ணயிக்கும் என்றது அவர்களின் கணக்கு. அடுத்த ஆண்டே பாக்டீரியாவில் சோதித்து அது சரிதான் என்று கண்டார்கள். சென்னையில் 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணன் தம் இளமையில் உழைத்தது இத்தகைய தற்செயல் நிகழ்முறைகளில்தான். இன்று அங்கே கணக்கீட்டு உயிரியலுக்கென்றே ஒரு குழு இயங்குகிறது.

புரதத்தின் உள்ளசைவு என்பது தனி உலகம். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அதன் வேதியியல் அணுக்கள் (உயிரணுக்கள் அல்ல) ஒன்றோடொன்று இடிக்கும் என்று வகுத்தது. இன்றும் எந்தப் புரத வடிவத்தையும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். 1977இல் கார்ப்ளஸ் குழு ஒரு சிறிய புரதத்தின் அசைவைக் கணினியில் ஓட்டியபோது கிடைத்தது பத்துப் பிக்கோவினாடிக்கும் குறைவான படம். 2010இல் அதே புரதத்துக்கு ஒரு மில்லிவினாடி கிடைத்தது. ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் இப்போது வடிவத்தைக் கணித்துவிடுகிறது, அதை உருவாக்கியவர்களுக்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனாலும் அது தருவது நின்ற நிலைப் படம். அந்தப் புரதம் நெரிசலான அணுவுக்குள் எப்படி நகரும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்த நகர்வைக் கிட்ட நின்று பார்க்க, மறுபடியும் மலேசியாவுக்கு, இம்முறை கோலாலம்பூருக்கு, போவோம். 1965இல் அங்கே பணியாற்றிய லீ-இன்ஜோ லுவான் எங் என்ற மருத்துவ ஆய்வாளர், ஒராங் அஸ்லி என்ற பழங்குடி மக்களின் இரத்தத்தில் முட்டைவடிவச் சிவப்பணுக்களைக் கண்டு எழுதினார். பின்னர் மலாய்க்காரர்களிடமும் பாப்புவா நியூகினி மக்களிடமும் இது பரவலாக இருப்பது தெரிந்தது. மலேரியா மண்டிய நிலங்களில் மட்டும் இது செழித்திருப்பதால், மலேரியாவிலிருந்து காக்கும் ஏதோ ஒன்று இதில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். காரணம் 1991இல் தெரிந்தது. சிவப்பணுச் சவ்வில் பத்து லட்சம் பிரதிகள்வரை இருக்கும் பேண்ட் 3 என்ற புரதத்தில், 400 முதல் 408வரையான ஒன்பது அமினோ அமிலங்கள் இல்லை. சவ்வுக்குள் இருக்கும் பகுதியும் அணுவின் உட்பக்கம் தொங்கும் பகுதியும் சேரும் வளைவில்தான் அந்த ஒன்பதும் இருந்தன. அவை போனதும் அந்த அணு விறைத்துவிடுகிறது. 1992இல் நார்லா மோகன்தாஸ் குழு, அதில் பேண்ட் 3 பக்கவாட்டில் நகர்வது வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்தது.

சாதாரண அணுவில் பேண்ட் 3 எப்படி நகர்கிறது? சவ்வின் அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற நார்ப் புரதம் வலைபோல் பின்னியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பேண்ட் 3 அதில் கட்டுண்டு கிடக்கிறது. மீதி, பட்டியில் அடைத்த ஆடுபோல, 110 நானோமீட்டர் அகலமுள்ள கண்ணிக்குள் ஓடித் திரிந்து, சராசரியாக 350 மில்லிவினாடிக்கு ஒருமுறை வேலி தாண்டிப் பக்கத்துக் கண்ணிக்குப் போகிறது. ஜப்பானின் குசுமி குழு 1998இல் அளந்த எண்கள் இவை. இவற்றை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலத்தின் வர்க்கத்தை நேரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் நெடுந்தூர விரவல் கெழு கிடைக்கும்: ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 0.009 சதுர மைக்ரோமீட்டர். கண்ணிக்குள் தடையின்றி ஓடும்போது அது 0.5. ஒரு மைக்ரோமீட்டர் போக, வேலி இல்லாவிட்டால் அரை விநாடி. வேலி இருந்தால் அரை நிமிடம். விரவலில் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், எட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள அணுவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக அரை மணி நேரம் ஆகிவிடும். ஸ்பெக்ட்ரின் குறைந்த எலிகளின் சிவப்பணுவில் இந்த வேகம் ஏறத்தாழ 50 மடங்கு கூடுவதை 1980இலேயே அளந்திருந்தார்கள். வேலிதான் காரணம் என்ற விளக்கத்துக்கு அது ஒத்துப்போகிறது.

1989இல் மைக்கேல் சாக்ஸ்டன் இதற்கொரு மாதிரி எழுதினார். வலையின் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? முதலில் பெரிய மாற்றம் தெரியாது. அறுந்த இழைகள் ஒரு வரம்பை எட்டும்போது கண்ணிகள் ஒன்றோடொன்று இணைந்து, அணுவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழி திறந்துவிடுகிறது. கொசு எண்ணிக்கையில் ராஸ் கண்டதும், சைக்ளின் அளவில் நோவாக்கும் டைசனும் கண்டதும், அறுந்த இழைகளில் சாக்ஸ்டன் கண்டதும் ஒரே குடும்பத்துக் கணிதமல்ல. சமன்பாடுகள் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் உயிரியலாளர் தம் அனுபவத்தால் மட்டும் ஊகித்திருக்க முடியாத ஒரு திருப்பம் வெளிப்பட்டது. சிறிது மாற்றினால் விளைவும் சிறிதே மாறும் என்ற நம்பிக்கையை உடைப்பதுதான் இத்துறைக்குக் கணிதம் செய்த மிகப் பெரிய உதவி என்று நான் கருதுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முட்டைவடிவ அணுக்களுக்குள் மலேரியா ஒட்டுண்ணி நுழைய முடியவில்லை என்று 1983இல் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று சொன்னது. விறைத்த சவ்வு, நகராத புரதம், ஆகவே நுழைய முடியவில்லை என்ற விளக்கம் அழகாகப் பொருந்தியது. ஆனால் சேமித்துவைத்த இரத்தத்தில் இந்த அணுக்கள் ஏடிபியை விரைவாக இழப்பதையும், நுழைவு குறைவதற்கு அந்த இழப்போடு தொடர்பு இருப்பதையும் 1992இல் வேறொரு குழு கண்டது. ஆற்றல் தீர்ந்த அணுவை உயிருள்ள அணு என்று எண்ணி மாதிரி எழுதினால் அந்த மாதிரி வேறொன்றைப் பற்றிப் பேசும். ஸ்பெக்ட்ரின் வேலியே ஏடிபியால் கட்டுப்படுவதாகக் கவ், சஃப்ரான் ஆகிய இருவரும் 2005இல் ஒரு மாதிரி முன்வைத்தார்கள். அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பெங்களூரில் சத்யஜித் மேயரும் மதன் ராவும் வேறு வகை அணுக்களில் இதே பாடத்தைக் காட்டினார்கள். சவ்வின் அடியில் உள்ள ஆக்டின் இழைகள் ஆற்றலைச் செலவழித்துச் சில புரதங்களைக் குவிக்கின்றன. விரவலை மட்டும் வைத்து அந்தக் குவியலை விளக்க முடியாது என்பது அவர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு.

களத்தில் கிடைத்த உண்மை இன்னும் சிக்கலானது. பாப்புவா நியூகினியில் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மலேரியா வரவே செய்தது. ஆனால் மூளையைத் தாக்கும் மலேரியாவிலிருந்து மிக வலுவான பாதுகாப்பு இருந்தது. 2005இல் வந்த ஒரு விளக்கம் கருதத்தக்கது. ஒட்டுண்ணி புகுந்த முட்டைவடிவ அணுக்கள், ஓடும் இரத்தத்தில் சிடி36 என்ற ஏற்பியோடு மற்ற அணுக்களைவிட வலுவாக ஒட்டுகின்றன. மூளையின் நுண்குழல்களில் அந்த ஏற்பி மிகக் குறைவு. அணு வேறிடத்தில் ஒட்டிக்கொள்வதால் மூளை தப்பிக்கிறது போலும். அப்படியானால் கணக்கு, நுழைவிலிருந்து ஒட்டுதலுக்கு இடம் மாற வேண்டும்.

மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிலிருந்து வரும் நோலெசி மலேரியா காட்டை ஒட்டிய பகுதிகளில் இன்றும் உயிர் வாங்குகிறது. அது மனிதர்களிடம் இவ்வளவு பரவலாக இருப்பதைச் சரவாக்கின் காப்பிட்டில் ஆய்வு செய்து 2004இல் உலகுக்குச் சொன்னது பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழு. 1983ஆம் ஆண்டுச் சோதனையில் நுழைய முடியாமல் நின்ற ஒட்டுண்ணிகளில் நோலெசியும் ஒன்று. அதே சோதனையை இப்போது புதிதாக எடுத்த இரத்தத்தில், ஏடிபி அளவைக் கூடவே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பேண்ட் 3 மூலக்கூறும் வேலி தாண்டும் இடைவெளியை அளந்தபடி செய்தால், விறைப்பு, ஆற்றல், நகர்வு மூன்றில் எது ஒட்டுண்ணியைத் தடுக்கிறது என்று சமன்பாட்டில் பிரித்துக் காட்டலாம். 1900 முதல் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மலாயாப் பல்கலைக்கழகமும் கோலாலம்பூர் வட்டாரத்திலேயே இருக்கின்றன. அந்த மரபணு மாற்றத்தைச் சுமக்கும் மக்கள் அவற்றைச் சுற்றி வாழ்கிறார்கள். அந்த அளவீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.